அம்பலத்தில் மூன்றாவது சிரட்டை

மலையிலிருந்து பனி இறங்கும் காலைகளில் அந்த அம்பலம் முழுதாகத் தெரியாது. முதலில் நான்கு கல்தூண்கள் தெரியும். பிறகு, தூண்களைத் தொடாமல் தனியாக மிதப்பதுபோல, பழைய ஓட்டுக் கூரை தெரியும். கடைசியில்தான் குடம் தெரியும்.

குடம் எப்போதும் நிறைந்திருக்கும்.

இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கும், மரம் கீறிப் பாலெடுக்கும் பால்வெட்டு மலைக்கும் நடுவில், பழைய பாதையின் ஓரமாக அது நின்றது. தோட்டத் துரையின் மோட்டார் ஓடப் புது ரோட்டுப் போட்ட பிறகு, அந்தப் பாதையில் வழிப்போக்கர்கள் வருவது நின்றுபோயிற்று. தோட்டத்து ஆட்கள் மட்டும் வேலைக்குப் போக வர அதைக் கடப்பார்கள். வேகமாகக் கடப்பார்கள். பேசிக்கொண்டு வந்தவர்களும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கல்மேடையின் மூலையில் அந்த மண்குடம். குடத்தின் வாயில் பலகை மூடி. மூடியின் மேல் கவிழ்த்து வைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. சுற்றிலும் மரங்கள் இலை உதிர்த்தாலும், தரையில் ஒரு சருகுகூட இருக்காது.

சில மாதங்களாக அதை யார் நிரப்புகிறார்கள் என்று ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கான தண்ணீர் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். லயத்தில் ஒருவர் இறந்துபோனால், அவர் படுத்திருந்த இடத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைப்பார்கள். பதினாறு நாள் வைப்பார்கள். போனவருக்குத் தாகம் எடுக்குமாம். உயிரோடு இருப்பவர்கள் அதைத் தொடக்கூடாது. அப்படியானால், ஆளில்லாத அம்பலத்தில் நிறைந்த குடம் வேறு யாருக்காக இருக்கும்?

தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி, காட்டு வழியாக நடந்து வந்த காலத்தில், பாதையிலேயே விழுந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தண்ணீர் வைக்க யாரும் இருக்கவில்லை. அதனால் அவர்களே வைத்துக்கொள்கிறார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

இருளாயிக்குப் பதினொரு வயது. அப்பா கன்னையா பால்வெட்டுக்காரர். தினமும் காலையில் அவருக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு அவள் அந்த வழியாகத்தான் போகவேண்டும். அதற்காக அவள் தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பாதை வளைவில் ஒரு செம்பருத்திச் செடி உண்டு. அதில் ஒரு சிவப்புப் பூவைப் பறிப்பாள். அம்பலத்துப் படியில் அதை வைப்பாள். "இத வச்சுக்கங்க. என் பின்னால வராதீங்க" என்று மனதுக்குள் சொல்வாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடப்பாள்.

மறுநாள் பார்த்தால் பழைய பூ படியில் இருக்காது. வாடிக் கிடந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

அன்றைக்குத் தம்பி காத்தமுத்துவும் கூட வந்தான். அவனுக்கு ஆறு வயது. அப்பாவின் ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளித் தின்றபோது பச்சை மிளகாயைக் கடித்துவிட்டான். ஆ ஊ என்று ஊதிக்கொண்டே நடந்தான். இருளாயி வளைவில் நின்று பூப் பறித்தாள். பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சிரட்டையை மூடியின் மேல் வைத்த சத்தம்.

திரும்பினாள். காத்தமுத்து அம்பலத்தின் உள்ளே நின்று வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஜில்லுன்னு இருக்குக்கா" என்றான்.

வீடு திரும்பும் வழியில் பெரிய மழை பிடித்தது. மாலையில் காத்தமுத்துவுக்குக் காய்ச்சல்.

செய்தி லயம் முழுவதும் போய்விட்டது. பெண்கள் வாசலில் வந்து நின்று, செத்தவங்க தண்ணியைக் குடித்துவிட்டானே என்று மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் காதில் எல்லாம் விழுந்தது. அம்மா அழகம்மா அழவில்லை. நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை விடாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு காத்தமுத்து தண்ணீர் குடிக்க மறுத்தான். கஞ்சித் தண்ணீரையும் மறுத்தான். செம்பை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அவங்க தண்ணிய நான் எடுத்துக்கிட்டேன்ல. இப்ப அவங்களுக்குத் தாகமா இருக்கும்" என்றான். "நான் மட்டும் குடிச்சா கோவிச்சுக்குவாங்க. பார்த்துக்கிட்டே இருக்காங்க, அக்கா."

இருளாயி அவன் பார்த்த மூலையைப் பார்த்தாள். அங்கே மண்வெட்டி சாய்ந்து நின்றது. வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் விளக்கை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலையில் தோட்டத்து மருந்துக்காரர் சரவணமுத்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தம்பியின் நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"காய்ச்சல் பெரிசில்லை. மழையிலை நனைஞ்ச காய்ச்சல்தான்" என்றார். "ஆனா தண்ணி இறங்கவேணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடிக்காட்டி, கேகாலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுதான் போகவேணும்."

கன்னையா பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினார். கம்பில் கட்டிய சாக்குத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்ததில்லை என்று அந்த ஒற்றை அறைக் காம்பிராவில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வாசலில் கேளு நின்றிருந்தார். றப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறையில் வேலை செய்யும் மலையாளத்துக்காரர். அவர் எங்கே நின்றாலும் புகை வாசம் வரும். அம்பலத்தில் பேய் இருக்காது என்று அவர் சொன்னார்.

"ஞங்கள்ட நாட்டுல அம்பலம்னா கோயிலாக்கும். ஞான் தினமும் தலைத்துண்ட அவுத்துட்டுக் கும்பிட்டுத்தான் தாண்டுறேன்."

மருந்துக்காரர் மருந்துப் பெட்டியை மூடாமலே நிமிர்ந்தார். அம்பலம் என்றால் கோயில் இல்லை, சபை என்றார். சிவபெருமான் ஆடுகிற சபை. தன் தகப்பனாரின் பெயரே அம்பலவாணர், தனக்குத் தெரியாதா என்று கேட்டார். கன்னையா தயங்கிக்கொண்டே, தங்கள் சிவகங்கைப் பக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்துப் பேசும் பெரியவரைத்தான் அம்பலம் என்று கூப்பிடுவார்கள் என்றார்.

"ஆளையா?" என்றார் கேளு.

"ஆளைத்தான்."

"ஆளுக்கு ஓடு வேஞ்சிருக்குமா?"

மருந்துக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார். சொல் முதலில் யாருடையது, யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று அவரும் கேளுவும் வாசலைத் தாண்டியும் வாதாடிக்கொண்டு போனார்கள்.

இருளாயி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். நடுவில் தம்பி உதடு வெடித்து, வாயை மூடிக்கொண்டு கிடந்தான். அம்பலம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே இருப்பது யார் என்று ஒருவரும் போய்க் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

யார் என்று தெரிந்தால் கேட்டுவிடலாம். தம்பி தெரியாமல் எடுத்துவிட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். அவர்கள் சரி என்றால், அவன் குடிப்பான்.

விடியப்போகும் நேரம். பிரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, ஆட்களை எழுப்பும் தப்பு மேளச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. இருளாயி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அது எதற்கு என்று அவளுக்கே தெரியாது. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

பாதையில் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. றப்பர் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்று, ஏதோ ஒன்றைக் கேட்பதுபோல இருந்தன. வளைவுக்கு வந்ததும் அவள் கை பழக்கத்தில் ஒரு பூவைப் பறித்தது. அம்பலத்துக்கு மேலே ஒரு பலாமரம். அதன் பின்னால் குந்திக்கொண்டாள்.

கீழே பனி. பனிக்குள் அம்பலம் இருக்கவேண்டும். ஒன்றும் தெரியவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்...

ஈர்க்குமாற்றால் பெருக்கும் சத்தம். அவசரமில்லாத சத்தம். ஒரு மூலையில் தொடங்கி, மெதுவாக அடுத்த மூலைக்குப் போயிற்று. நடுவில் ஒருமுறை நின்றது. பெருக்குகிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததுபோல. பிறகு மறுபடி, சர்... சர்... பிறகு நின்றுவிட்டது.

இருளாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இலையிலிருந்து ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, கீழ்ப் பாதையிலிருந்து காலடி ஓசை வந்தது. பனிக்குள் வெள்ளையாக ஒன்று அசைந்தது. இடுப்பில் குடம். அது அம்பலத்துக்குள் ஏறியது. மூலையில் இருந்த குடத்தின் மூடியைத் திறந்தது. அதைச் சாய்த்து, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதையும் வெளியே ஊற்றியது. தண்ணீர் ஊற்றும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

இருளாயி யோசித்தாள். பேய்க்குச் சளி பிடிக்குமா?

மறுபடியும் உறிஞ்சும் சத்தம். அது சளி இல்லை, அழுகை. அழுகிற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு ஒளிந்திருப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை. பலாமரத்தடியிலிருந்து இறங்கி, அம்பலத்துப் படியில் போய் நின்றாள்.

வெள்ளை உருவம் திரும்பியது. அது ஒரு சிறுமி. இருளாயியின் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை. அவள் இருளாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சிவப்புப் பூவைப் பார்த்தாள். சிரட்டை அவள் கையிலிருந்து விழுந்து, கல்லில் வட்டமாக உருண்டு, இருளாயியின் காலடியில் வந்து நின்றது.

பனி அவர்களுக்கு நடுவில் நுழைந்து, மறுபக்கமாக வெளியே போயிற்று.

"பய" என்றாள் அந்தச் சிறுமி கடைசியில். சிங்களத்தில் பயம் என்று அர்த்தம். சொல்லித்தரத் தேவையில்லாத சொல்.

"எனக்கும் பயந்தான்" என்றாள் இருளாயி.

அவள் பெயர் பொடிமெனிக்கே. மலைக்குக் கீழே, வயலுக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கள ஊர். கடைக்குப் போய்ப் பழகிய சிங்களம் இருளாயியிடம் கொஞ்சம் இருந்தது. தோட்டத்து ஆட்களிடம் கேட்டுப் பழகிய தமிழ் பொடிமெனிக்கேயிடம் கொஞ்சம் இருந்தது. இரண்டும் தீர்ந்துபோன இடத்தில் கைகளால் பேசினார்கள். சில சொற்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. அவள் 'அம்மா' என்றாள். இவளுக்குப் புரிந்தது. அவள் தூணைத் தட்டி 'அம்பலம' என்றாள். அதுவும் புரிந்தது.

"உங்க பக்கம் அம்பலம்னா என்ன?" என்று இருளாயி கேட்டாள். இன்னும் ஓர் அர்த்தம் வரப்போகிறது என்று நினைத்தாள்.

களைத்து வருகிறவர்கள் தங்குகிற இடம் என்றாள் பொடிமெனிக்கே. யார் வேண்டுமானாலும் தங்கலாம். சுற்றிலும் கையைக் காட்டினாள். கதவே இல்லை, பார்.

அவளுடைய அம்மா மூன்று மாதத்துக்கு முன்னால் இறந்துவிட்டாள். அம்மாவின் பேரில் ஒரு வருடம் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வைப்பதாகப் பொடிமெனிக்கே மனதில் உறுதி செய்துகொண்டாள். தாகத்தோடு வருகிற ஒருவர் குடித்தால், அந்தப் புண்ணியம் அம்மாவுக்குப் போய்ச் சேரும். ஆனால் ஒருவரும் குடிக்கவில்லை. தினமும் இருட்டோடு வந்து பார்ப்பாள். குடம் வைத்தபடி நிறைந்திருக்கும். பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பிவிட்டுப் போவாள்.

அதோடு அந்தப் பூக்கள். சிவப்புப் பூவை அவர்கள் ஊரில் இரத்தம் கேட்கும் யக்கா என்ற பேய்க்குத்தான் வைப்பார்கள். அம்பலத்தில் யக்கா குடிவந்துவிட்டான், போகாதே என்று வீட்டில் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. தினமும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குச்சியால் பூவைப் பள்ளத்தில் தள்ளிவிட்டாள்.

இருளாயி கையிலிருந்த பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு, மறைப்பது சரியில்லை என்று முன்னால் கொண்டுவந்தாள்.

"அந்த யக்கா நான்தான்" என்றாள்.

பொடிமெனிக்கே அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிழிந்த பாவாடை, தூக்குச்சட்டி, குளிரில் விறைத்த காதுகள். யக்காவாக இருக்கப் போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் உதடு மெல்லக் கோணியது. இருளாயிக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் பொடிமெனிக்கே குடத்தைத் தொட்டாள்.

"நேத்து மட்டும் ஒரு சிரட்டை குறைஞ்சிருந்தது" என்றாள் தாழ்ந்த குரலில். "அம்மா வந்து குடிச்சாங்கன்னு நெனச்சேன்."

உண்மையைச் சொன்னால், அந்த அம்மா வந்து போனதை இவளிடமிருந்து பறித்ததுபோல ஆகும். சொல்லாவிட்டால், தம்பி அங்கே வாயை மூடிக்கொண்டு கிடப்பான். தூணின் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"அது என் தம்பி" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

பொடிமெனிக்கே குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று பனியில் தெரியவில்லை.

"தம்பிக்கு நெறையத் தாகமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப. பச்ச மொளகாயக் கடிச்சுட்டான்."

பொடிமெனிக்கே குடத்தின் வாயைத் துடைத்தாள். "அப்ப நல்லது" என்றாள். "அம்மாவுக்கு அதுதான் மொதல் புண்ணியம்."

கீழே கிடந்த சிரட்டையை எடுத்துக் கழுவி, நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள். இருளாயி குடித்தாள். ஜில்லென்றுதான் இருந்தது. தூக்குச்சட்டி எதற்கு என்பதும் இப்போது தெரிந்தது.

காம்பிராவுக்குள் தண்ணீரோடு வந்த இருளாயியைப் பார்த்து அழகம்மா எழுந்து வழியை மறித்தாள். இருளாயி வாதாடவில்லை. அம்மாவின் எதிரிலேயே ஒரு வாய் குடித்துக் காட்டினாள். பொடிமெனிக்கே சொன்னதைச் சொன்னாள். செத்தவருக்காக வைத்த தண்ணீர்தான், ஆனால் உயிரோடு இருப்பவர்கள் குடித்தால்தான் அது அவருக்குப் போய்ச் சேரும் என்றாள்.

அழகம்மா தூக்குச்சட்டியை வாங்கி, அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

காத்தமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"அப்ப அவங்க கோவமா இல்லையா?" என்றான்.

"இல்ல. நீ குடிச்சதுக்குச் சந்தோசமாம்."

"இப்பவும் தாகமா இருக்காங்களா?"

"நீ தாகமா இருந்தா அவங்களும் தாகமா இருப்பாங்க. நீதான் குடிக்கணும்."

அவன் மூலையை ஒருமுறை பார்த்தான். மண்வெட்டி மட்டும்தான் இருந்தது. வெடித்த உதட்டைத் திறந்தான். ஒரு வாய். இன்னொரு வாய். சட்டி காலியாகும்வரை அவன் நிறுத்தவில்லை.

மத்தியானம் மருந்துக்காரர் வந்து நாக்கைப் பார்த்துவிட்டு, சாக்குத் தொட்டில் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகு பால்வெட்டு ஆட்கள் போகும்போது ஒரு சிரட்டை, வரும்போது ஒரு சிரட்டை என்று குடிக்கத் தொடங்கினார்கள். கேளு தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டுவிட்டு, படிக்கு வெளியே நின்றபடி வாங்கிக் குடிப்பார். பத்து மணிக்குள் குடம் காலியாகிவிடும். இத்தனை தாகமா உங்கள் ஆட்களுக்கு என்று பொடிமெனிக்கே முணுமுணுத்தாள். இரண்டாவது குடத்தை இருளாயி தூக்கி வந்தாள். மூடியின் மேல் இப்போது இரண்டு சிரட்டைகள். சிவப்புப் பூவுக்குப் பதிலாகப் படியில் வெள்ளை அரளிப்பூ.

ஒருநாள் காலையில் இருவரும் கல்மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். இருளாயி ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெனமும் இவ்வளவு சுத்தமாப் பெருக்குறியே, வெளக்குமாத்த எங்க ஒளிச்சு வைக்கிற?"

பொடிமெனிக்கே விழித்தாள். "நானா? நீதான் பெருக்குறேன்னு நெனச்சேன்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். மேடைக்குக் கீழே மண்ணில் ஈர்க்குமாற்றின் மெல்லிய கோடுகள், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைவரை, வரிசையாக, இன்னும் ஈரமாக இருந்தன. அன்றைக்கு முதலில் வந்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

கேளுவிடம் கேட்டார்கள். உள்ளே கால் வைத்ததே இல்லை என்றார். கன்னையாவும் இல்லை என்றார். மருந்துக்காரர், அந்தப் பக்கம் தான் வருவதே இல்லை என்றார். லயத்திலும் ஊரிலும் கேட்பதற்கு வேறு யாரும் மிச்சம் இல்லை.

மேல் பாதையிலிருந்து பனி மெதுவாக இறங்கி வந்தது. பொடிமெனிக்கே இருளாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஓடவில்லை.

"யாரா இருந்தாலும் களைச்சிருப்பாங்க" என்றாள் இருளாயி.

மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு புதுச் சிரட்டையைத் தேய்த்து எடுத்து வந்தாள். பொடிமெனிக்கே அதில் தண்ணீர் நிரப்பினாள். கோடுகள் தொடங்கும் அந்த மூலையில் அதை வைத்துவிட்டு, இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த நாள் விடியலில் வந்து பார்த்தபோது, மூன்றாவது சிரட்டை காலியாக இருந்தது. கழுவித் துடைத்து, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில், மூடியின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது.